இல்லாத மோட்டார்

எனக்குக் கோபம் வந்தால் வெளியே தெரியாது. குரல் உயராது, கை நடுங்காது. கோபம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். எழுந்து போகச் சொன்னாலும் போகாது. இதை எழுதும்போதும் அது போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னித்துவிட்ட மனிதனின் கதையை எதிர்பார்த்து யாரும் படிக்க வேண்டாம்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷெட்டில் பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறேன். இரும்புச் சாமான்களைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கும் வேலை. பின் என்கிற இரும்பு முளை, புஷ் என்கிற வளையம், சின்னப் பல்சக்கரம் என்று பல கம்பெனிகளிலிருந்து வரும். ஃபர்னஸ் என்னும் உலையிலிருந்து சாமான் அடுக்கிய கூடை வெளியே வந்ததும் சங்கிலியில் தொங்கவிட்டு எண்ணெய்த் தொட்டியில் இறக்குவோம். இறக்கினால் மட்டும் போதாது. கூடையின் காதில் நீளமான கொக்கிக் கம்பியை மாட்டி, மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். ஆட்டவில்லை என்றால் சாமானைச் சுற்றி இருக்கும் எண்ணெய் அங்கேயே கொதித்து நிற்கும். ஒரு பக்கம் கடினமாகும், இன்னொரு பக்கம் மெத்தென்று இருந்துவிடும். ஒரு கூடைக்கு நாற்பது தடவை என்பது என் கணக்கு. அதற்கு மேல் புகையின் நிறம் மாறுவதைப் பார்த்து நிறுத்துவேன். இந்த வேலையை யாரும் எனக்குத் தாளில் எழுதிக் கொடுக்கவில்லை. என் வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் தாழ்ந்து இருக்கும். அது இந்தக் கம்பி கொடுத்தது.

போன வருஷம் ஒரு கம்பெனி, நாங்கள் அனுப்பிய ஒரு லாட் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டது. பின்கள் ஒரு பக்கம் தேய்கின்றனவாம். ஏன் இப்படி ஆனது, இனி ஆகாமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் கேட்டார்கள். அதை எழுத வேண்டியவன் எங்கள் என்ஜினியர். இருபத்தாறு வயது இருக்கும். பகலில் இங்கே வேலை, சனிக்கிழமைகளில் எம்.இ. வகுப்பு. சட்டையில் எண்ணெய் பட்டுவிடும் என்று தொட்டிப் பக்கம் வரமாட்டான். கண்ணாடி அறையிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிடுவான்.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினான். எல்லாம் இங்கிலீஷ்.

"இன்னா சார் இது?"

"ஒண்ணும் இல்லண்ணே. ஆபீஸ் ஃபார்மாலிட்டி. வாங்கிக்கினேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

நான் ஐந்தாவது வரை படித்தவன். தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பேன். இங்கிலீஷில் என் பெயரையும் பஸ்ஸின் நம்பரையும் படிப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கலாம். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் எனக்கு வாய் திறக்காது. கையெழுத்துப் போட்டேன். ஒரு நகலை என் கையில் கொடுத்தான்.

மறுநாள் காலை என்னைத் தொட்டியிலிருந்து மாற்றிவிட்டார்கள். மணல் அடித்துச் சாமானைச் சுத்தம் செய்யும் மூலைக்குப் போகச் சொன்னார்கள். என் கொக்கிக் கம்பி ஒப்பந்தத்தில் வந்த ஆளின் கைக்குப் போனது. மணல் அடிக்கிற மூலையில் இருப்பவன் என் வயதுக்காரன், வாய் மட்டும் பாதி வயது.

"வா அண்ணாத்தே, வா. இன்னா, மோட்டரு போட மறந்து பூட்டியாமே?"

"இன்னா மோட்டரு?"

"எண்ணெய் கலக்குற மோட்டரு. நீ அத்த ஆன் பண்ணாம வுட்டுட்ட, அத்தான் மாலு பூரா திரும்பி வந்துகீதுன்னு என்ஜினியரு எய்திக்கீறாரு. மொதலாளி போன்ல பேசிக்கினு இருந்தாரு, என் காதுல வுயுந்துச்சு. இன்னொரு தபா இப்டி ஆனா வூட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

"நம்ம தொட்டியில ஏதுடா மோட்டரு?"

அவன் சிரித்தான். "அத்த என்னாண்ட கேக்குற? நீதான் கையெய்த்துப் போட்டுக்கீற."

அவன் சொன்னது உண்மை. எங்கள் தொட்டியில் மோட்டார் கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. இல்லாத ஒரு மோட்டாரை நான் ஓடவிடவில்லை என்று எழுதி, அதற்கு என்னிடமே கையெழுத்தும் வாங்கிவிட்டான்.

அன்றைக்குப் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது அவனை என்ன செய்யலாம் என்று வரிசையாக யோசித்தேன். அவன் பைக்கின் டயரில் காற்றை இறக்குவது முதல், எழுத முடியாத காரியங்கள் வரை. ஆவடியில் இறங்கும்போது ஒன்றும் மிச்சமில்லை. எல்லாமே எனக்குத் தைரியம் தேவைப்படும் காரியங்கள்.

வீடு முத்தாபுதுப்பேட்டையில். என் மகள் காலேஜில் இரண்டாம் வருஷம் பி.காம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடம் அந்தத் தாளின் நகலைக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். மணல்காரன் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. 'ஆபரேட்டரின் அலட்சியம்' என்ற வார்த்தை மூன்று இடத்தில் இருந்தது. அந்த வார்த்தை வரும்போதெல்லாம் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

"பதிலுக்கு ஒண்ணு எழுதணும்" என்றேன். "அவன் பேரு நாறுற மாதிரி."

"நீ சொல்லுப்பா. ஏஐ-ல போட்டா இங்கிலீஷ்ல நல்லா எழுதிக் குடுத்துடும்."

நான் என்ன வேலை செய்கிறேன், எத்தனை வருஷம் செய்கிறேன், என்மேல் தப்பில்லை என்று இரண்டு வரி சொன்னேன். அவள் போனில் தட்டினாள். மோட்டாரைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அவளும் போடவில்லை. ஒரு தம்ளர் டீ ஆறுவதற்குள் ஒரு பக்கக் கடிதம் வந்துவிட்டது. அவள் தமிழில் சொல்லச் சொல்ல என் நெஞ்சு விரிந்தது. நான் உலகத் தரத்தில் வேலை செய்பவன். என் கையிலிருந்து ஒரு குறையும் போனதில்லை. பாதுகாப்பு வகுப்புகள் அனைத்தையும் முடித்தவன். அப்படி ஒரு மனிதனை நான் எங்கள் ஷெட்டில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அதை அப்படியே அவன் முகத்தில் எறிய வேண்டும் என்று கை துறுதுறுத்தது.

பாதியில் மகள் நிறுத்திவிட்டாள்.

"ப்பா, இதுல பாரேன். 'நான் தினமும் வேலை தொடங்கும் முன் எண்ணெய் கலக்கும் மோட்டாரை ஓடவிட்டுச் சரிபார்க்கிறேன்'னு போட்டிருக்கு."

"நான் சொல்லவே இல்லியே."

"நானும் போடல."

இரண்டு பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள்தான் முதலில் சிரித்தாள். "எண்ணெய்த் தொட்டின்னா மோட்டார் இருக்கும்னு அதுவா நெனச்சுக்குதுப்பா. பெரிய பெரிய கம்பெனியில இருக்கும்போல. உங்க என்ஜினியரும் இதுலதான் போட்டிருக்காரு. அவரா பொய் சொல்லல. படிச்சே பாக்கல."

அவள் அதைச் சமாதானமாகச் சொன்னாள். எனக்கு அது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றியது போல இருந்தது. ஒருவன் என்மேல் பகை வைத்துப் பொய் எழுதினால், குறைந்தது என்னை நினைத்துக்கொண்டு எழுதுகிறான். இவன் என்னை நினைக்கக்கூட இல்லை. பத்தொன்பது வருஷமாக நான் நிற்கும் இடத்துக்கு இருபது அடி நடந்து வந்து, அங்கே மோட்டார் இருக்கிறதா, ஆள் இருக்கிறானா என்று பார்க்கவில்லை. ஒரு பட்டனைத் தட்டினான், நான் குற்றவாளி ஆனேன்.

"இந்த லெட்டரைக் குடுக்கலாமாப்பா?" என்று கேட்டாள். பிறகு அவளே, "எங்க மேம் ஒண்ணு சொல்வாங்க. அது எழுதினதுல உனக்குத் தெரியாத ஒரு வரி இருந்தாலும் அதுக்கு நீதான் பதில் சொல்லணும்னு. அசைன்மென்ட்ல எங்கெங்க யூஸ் பண்ணோம்னு கடைசிப் பக்கத்துல எழுதச் சொல்வாங்க" என்றாள்.

"அழிச்சிடு" என்றேன்.

அந்தக் கடிதத்தை நான் நேர்மையால் அழிக்கச் சொல்லவில்லை. அதைவிட நல்ல ஆயுதம் கிடைத்துவிட்டது என்பதால் சொன்னேன். திருப்பி அனுப்பிய கம்பெனியிலிருந்து நேரில் பார்க்க ஆள் வரப்போகிறார்கள் என்று மணல்காரன் சொல்லியிருந்தான். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு இயல்பாக வருவது. கடைசியில் ஒருமுறை திறக்க வேண்டுமே, அதற்குத்தான் பழகினேன். ஒரே ஒரு வாக்கியம். ரயிலில், பஸ்ஸில், குளிக்கும்போது அதை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தேன். பத்து நாள் சொன்னேன். அந்தப் பத்து நாளும் என்ஜினியரைப் பார்த்தால் வழக்கத்தைவிட மரியாதையாகக் கும்பிட்டேன். அவன் நான் அடங்கிவிட்டேன் என்று நினைத்தான்.

வந்தவர் ஒரு பெண் அதிகாரி. நரை விழுந்த தலை, காலில் இரும்பு வைத்த ஷூ. முதலாளியும் என்ஜினியரும் அவரைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, டீ கொடுத்து, படங்கள் காட்டி, நேரத்தைக் கடத்தினார்கள். பிறகு ஷெட்டைச் சுற்றிக் காட்ட அழைத்து வந்தார்கள். தொட்டியைத் தாண்டும்போது என்ஜினியர் கொஞ்சம் வேகமாக நடந்தான். மணல் அடிக்கும் மெஷினை நிறுத்திவிட்டு நான் குறுக்கே வந்து நின்றேன். என் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"மேடம், அந்த மோட்டாரப் பாக்கலியா?"

அவ்வளவுதான் என் வாக்கியம்.

"அண்ணே, நீங்க போய் வேலையப் பாருங்க" என்றான் என்ஜினியர்.

அவர் நின்றார். கையில் இருந்த தாள்களைப் புரட்டினார். "ஆமா, ஓடாம இருந்த மோட்டார். இனிமே யாரும் நிறுத்த முடியாதபடி அதுக்குப் பூட்டு போட்டிருக்கிறதா எழுதியிருக்கீங்களே. எங்க இருக்கு?"

ஃபர்னஸின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தொட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

முதலாளி என்ஜினியரைப் பார்த்தார். "இன்னாபா, மோட்டரு எங்கப்பா?"

"சார், அது ரிப்போர்ட்ல..."

"ரிப்போர்ட்ல கீதா, தொட்டியில கீதா?"

"ஏஐ-ல போட்டு எடுத்தேன் சார். அதுல வந்துச்சு."

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்று அந்த அம்மா முதலாளியைக் கேட்டார்.

"நல்லா பெரிய பெரிய வார்த்தையா இருந்துச்சும்மா. படிச்ச புள்ள கரெக்டா எய்திருப்பான்னு போட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தாளில் மூன்று கையெழுத்து. எழுதினவன், முதலாளி, நான். மூவருமே படிக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற ஒரு காரணமாவது இருந்தது.

"நாங்களும்தான் அதுல எழுதுறோம்" என்றார் அந்த அம்மா, என்ஜினியரிடம். திட்டும் குரலில் இல்லை. அதனால்தான் அவன் முகம் செத்துப்போனது. "எழுதிட்டு, தொட்டிகிட்ட வந்து பாக்கணும் தம்பி. ஒரு வாரம் டைம். ஒவ்வொரு வரியும் உண்மைன்னு காட்டிப் புதுசா ஒண்ணு அனுப்புங்க. இல்லன்னா மாலு வேற எடத்துக்குப் போயிடும்."

அவர் போனதும் முதலாளி கத்திய கத்தலை எழுதப் போவதில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார். "நீ கூட இரு. இவன் எய்துறது அத்தினியும் உனக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டட்டும். நீ சரின்னு சொன்னாத்தான் நான் கையெய்த்துப் போடுவேன். அப்பால உன்ன தொட்டிக்கு அனுப்புறதப் பாக்கலாம்."

முதலாளி எனக்கு நியாயம் செய்வதாக நினைத்தார். அவர் என் கையில் கொடுத்தது வேறு.

மறுநாள் காலை என்ஜினியர் லேப்டாப்போடு தொட்டியருகே வந்தான். நான் ஒரு டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். அவனுக்கு டின் போடவில்லை.

"படிங்க சார்."

"எண்ணெயின் வெப்பம் அறுபது டிகிரியில் பராமரிக்கப்படுகிறது."

"தொட்டுக் காட்டுங்க."

"இன்னாத்த?"

"வெப்பம் பாக்குற கருவிய."

அது தொட்டிக்குப் பின்னால், குழாய்களுக்கு நடுவில் இருக்கிறது. அவன் சட்டையைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு நுழைந்தான். எண்பதைக் காட்டியது. வெளியே வந்து அறுபதை அழித்து எண்பது என்று போட்டான். அடுத்த வரி. தொட்டுக் காட்டுங்க. அடுத்த வரி. தொட்டுக் காட்டுங்க. ஏணியில் ஏறினான், இறங்கினான். 'தினசரிப் பதிவேடு' என்று ஒரு வரி வந்தது, அப்படி ஒன்று இல்லை, அழித்தான். மதியத்துக்குள் அவன் சட்டையின் முதுகு முழுவதும் எண்ணெய்க் கோடுகள். இரண்டு பக்கம் இருந்தது முக்கால் பக்கமாகச் சுருங்கிவிட்டது. நான் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை, ஒரு தடவைகூட மரியாதை குறைத்துப் பேசவில்லை. மணல்காரன் அந்தப் பக்கமாக மூன்று தடவை சும்மா நடந்து போனான்.

"இன்னா அண்ணாத்தே, வாத்தியாரு ஆயிட்ட?"

வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. அது நல்ல சந்தோஷம் என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது. பின்கள் ஏன் மெத்தென்று போயின என்ற வரி. என்ஜினியர் இந்தத் தடவை எழுதிக் கொடு என்று ஏஐ-யைக் கேட்கவில்லை. மோட்டார் இல்லாத தொட்டி, கையால் ஆட்டுகிறோம் என்று உள்ளதைச் சொல்லி, என்னென்ன காரணம் இருக்க முடியும், எதை எதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தான். ஐந்து காரணம் வந்திருந்தது. எண்ணெய் பழசா, அதில் தண்ணீர் கலந்ததா, கூடையில் அதிகம் அடுக்கினோமா, ஃபர்னஸிலிருந்து தொட்டிக்கு வர நேரமானதா. நாலையும் நான் சொல்லாமலே அவனே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். நாலும் இல்லை.

ஐந்தாவதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். "அன்னிக்கு எத்தன தடவ ஆட்டுனீங்கண்ணே?"

இதுவரை எழுதாத ஒன்றை இங்கே எழுத வேண்டும். அந்த லாட் ஓடிய நாளில் என் தோளைத் தூக்க முடியவில்லை. காலையில் தைலம் தேய்த்துக்கொண்டு போனேன். முதல் இரண்டு கூடைக்கு நாற்பது வந்தது. பிறகு முப்பது. பிற்பகலில் எண்ணுவதையே விட்டுவிட்டேன். மாற்று ஆள் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. லாட் திரும்பி வந்த நாளிலிருந்தே காரணம் எனக்குத் தெரியும். மோட்டார் என்ற பொய் வந்ததும் என் உண்மை அதன் பின்னால் ஒளிந்துகொண்டது. என் மகளிடம்கூட நான் சொல்லவில்லை.

நாற்பது என்று சொல்லியிருக்கலாம். எண்ணெயைத் தொடலாம், கருவியைத் தொடலாம். போன மாதம் நான் ஆட்டியதை யார் தொட்டுக் காட்டச் சொல்ல முடியும்? சொன்னால் என் இடம் போய்விடும். தப்பு என்னுடையது என்றால் மணல் மூலையும் நிரந்தரமில்லை.

ஆனால் பொய் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவனைப் பார்த்து 'தொட்டுக் காட்டுங்க' என்று எந்த வாயால் சொல்வேன்? மூன்று நாளாக ருசி பார்த்த அந்த வார்த்தை கையை விட்டுப் போய்விடும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் உண்மையைச் சொன்னதற்குக் காரணம் அதுதான். வேறு பெரிய காரணம் தேட வேண்டாம்.

"கொறச்சலாத்தான் ஆட்டுனேன்" என்றேன். "தோளு வரல."

அவன் எழுதாமல் நின்றான். என் தோளைப் பார்த்தான். வேலைக்கு வந்த மூன்று வருஷத்தில் அதை முதல் தடவையாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன். என்னை முடித்துவிட அவனுக்கு ஒரு வரி போதும். 'அலட்சியம்' என்ற வார்த்தை அவன் லேப்டாப்பில் இன்னும் இருந்திருக்கும்.

"கம்பியக் குடுங்க" என்றான். மணல் மூலையிலிருந்து ஒரு காலிக் கூடையைக் கொண்டுவந்து, சாமானை அடுக்கிச் சங்கிலியில் மாட்டி, ஆறிய எண்ணெயில் இறக்கி, ஆட்ட ஆரம்பித்தான். நான் எண்ணினேன். சத்தமாக எண்ணினேன். பதினேழில் நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினான்.

"நாப்பது சார்" என்றேன்.

இருபத்து மூன்றில் கம்பியைக் கீழே வைத்துவிட்டான். பிறகு உட்கார்ந்து தட்டினான். தட்டியதைப் படித்துக் காட்டினான். தொட்டியில் கலக்கும் மோட்டார் இல்லை. ஒரே ஆள் நாள் முழுவதும் கையால் ஆட்டுகிறார். அன்று அவருக்குத் தோள் வலி. மாற்று ஆள் வைக்கவில்லை. பிற்பகல் கூடைகளில் ஆட்டம் குறைந்தது. மோட்டார் வைக்க வேண்டும். கடைசியில், காரணங்களைத் தேட ஏஐ உதவியது, ஒவ்வொன்றும் தொட்டியருகே சரிபார்க்கப்பட்டது என்று ஒரு வரி.

'அலட்சியம்' இல்லை. நான் தேடிக் கேட்டேன். இல்லை.

"சரி" என்றேன். அவனுக்கு நன்றி சொல்லவில்லை. நன்றி சொல்ல வேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்ததற்காக அவன்மேல் கோபம் கொஞ்சம் கூடியது.

அந்த அம்மா அதை ஏற்றுக்கொண்டார். மோட்டார் வைத்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை போட்டார். முதலாளி முனகிக்கொண்டே வாங்கினார். நான் திரும்பத் தொட்டிக்கு வந்தேன். என்ஜினியர் எம்.இ.-க்கு இதே தொட்டியைப் பற்றித்தான் ப்ராஜெக்ட் எழுதினான். மதிய இடைவேளைகளில் ஒவ்வொரு பக்கமாக என்னிடம் படித்துக் காட்டினான். இதற்கு முதலாளி சொல்லவில்லை. அவனாக வந்தான். முன்பக்கத்தில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். என் பெயரை அவன் ஒருமுறை எழுதியது போதும்.

மோட்டார் வந்து ஒரு மாதம் இருக்கும். அந்தக் கம்பெனிக்கு அனுப்ப மறுபடியும் ஒரு தாள் எடுத்துக்கொண்டு வந்து படித்தான். "எண்ணெய் கலக்கும் மோட்டாரை ஆபரேட்டர் காலையில் ஓடவிட்டுச் சரிபார்க்கிறார்."

போனில் என் மகள் படித்த அதே வரி. இப்போது அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. காலையில் நான்தான் சுவிட்சைப் போட்டிருந்தேன். அது அவனுக்கும் தெரியும், சத்தமே கேட்டுக்கொண்டிருந்தது.

"தொட்டுக் காட்டுங்க சார்" என்றேன்.

அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். நாலு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார். போய்க் குனிந்து அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தான். சுட்டிருக்க வேண்டும், வெடுக்கென்று எடுத்தான். எடுத்த கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, "அடுத்த வரி படிக்கவாண்ணே?" என்றான்.

"படிங்க" என்றேன்.

என் தோள் இப்போது வலிப்பதில்லை.